உரசாத சக்கரம்

கார் சஸ்பென்ஷன் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தால் கடைசியில் இதைக் கேட்காமல் போவதில்லை. "அண்ணே, நீங்க செஞ்சதிலேயே பெரிய வேலை எது?" பந்தயக் கார் கதை ஏதாவது வரும் என்று ஆவலோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்வது ஒரு ஆசிரியையின் பழைய கார் கதை. அதில் முதல் பாதி முழுக்க என் தப்பு. நீங்களும் ஒருநாள் அதே தப்பைச் செய்வீர்கள் என்பதால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அப்போது நான் கிள்ளானில் ஒரு வொர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக். முதலாளி ஒரு சீனர். எல்லாரும் அவரை தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்துக் கடை பாலாவுடையது. தகரம் தட்டுவது, பெயின்ட் அடிப்பது அவன் வேலை. ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற பருமன்.

ஒரு நாள் காலையில் இளம்பச்சை நிறத்தில் ஒரு கார் உள்ளே வந்தது. எழுபதுகளில் வந்த நான்கு கதவு ஜப்பான் கார். தரையோடு தரையாக இறக்கிக் கட்டியிருந்தார்கள். பார்க்கவே அழகு. ஓட்டி வந்தவர் புவனேஸ்வரி டீச்சர். பந்திங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறார். யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த காரை வாங்கி, நான்கு வருடம் ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பிடித்துச் சரிசெய்திருந்தார். உயரத்தைக் குறைத்தது வேறு ஒரு கடையில்.

"பின்னால இடது டயரு மட்கார்டுல உரசுது அண்ணே. பம்ப் ஏறினா சர்ருன்னு சத்தம்."

குனிந்து பார்த்தேன். மட்கார்டின் உள்விளிம்பில் ரப்பர் தேய்ந்த கறுப்புத் தடம் இருந்தது. இறக்கிக் கட்டிய காரில் இது தினமும் பார்க்கிற விஷயம்தான். விளிம்பை உள்பக்கமாக மடக்கிவிட்டால் டயருக்கு இடம் கிடைத்துவிடும். "அரை நாள் வேலை டீச்சர்," என்றேன்.

அவர் அதோடு விடவில்லை. "ஏன் இடது பக்கம் மட்டும் உரசுது?"

"ரோடு இடது பக்கம் கொஞ்சம் சரிவா இருக்கும் டீச்சர், மழைத் தண்ணி ஓடணுமில்ல. கார் அந்தப் பக்கம் சாயும்."

"நான் தனியாத்தானே ஓட்டுறேன். என் வெயிட்டு வலது பக்கம் இருக்குது. அப்ப வலதுதானே அதிகமா அமுங்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் இத்தனை வருட அனுபவம் இருக்கும்போது பதில் இல்லை என்று சொல்ல வாய் வருமா? "பழைய கார் லா டீச்சர். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது," என்று சிரித்துவிட்டு, காரை லிஃப்டில் ஏற்றினேன். மேலே தூக்கி, சக்கரங்கள் தொங்க, கீழிருந்து பார்த்தேன். எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. பாலா வந்து சூடு காட்டி விளிம்பை மடக்கினான். நான் தனியாக எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று ஓட்டினேன். சத்தம் இல்லை. சாவியைக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் கார் திரும்பி வந்தது. இடது பின்பக்கத்தில் ஸ்பேர் டயர் மாட்டியிருந்தது. டீச்சர் இறங்கினார், வணக்கம் சொல்லவில்லை. பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்து பழைய டயரை வெளியே எடுத்து என் காலடியில் உருட்டிவிட்டார். டயரின் தோள்பட்டையில் சுற்றிலும் கத்தியால் கீறியதுபோல ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் நூல் தெரிந்தது.

"நேத்து பந்திங்லருந்து கிள்ளானுக்கு வந்தோம். பின்னால அம்மாவும் ரெண்டு சித்தியும். ரப்பர் கருகின வாடை அடிச்சுது. ஓரங்கட்டிப் பார்த்தா இப்படி. அம்மா இந்த டயருக்கு நேர் மேலதான் உக்காந்திருந்தாங்க அண்ணே."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். உயர்த்தித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நெடுஞ்சாலையில் அந்த டயர் வெடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் மடக்கச் சொன்ன விளிம்புதான் கத்தியாக மாறி டயரை அறுத்திருந்தது. வேலையை நான் சோதித்துப் பார்த்தது காலி வண்டியில். அவர் பயணம் செய்தது ஆள் ஏற்றிய வண்டியில்.

அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து பெரியவர்களை பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. கோயிலைப் பார்த்துவிட்டு, வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு காருக்கு மூன்று பெரியவர்கள். டீச்சர் பெயர் கொடுத்திருந்தார்.

"முடியலைன்னா இப்பவே சொல்லுங்க. நான் பேர எடுத்துடுறேன். ஆனா அந்த மூணு பேருக்கு வேற கார் இல்ல."

இதற்குள் தவுக்கே ஆபீசிலிருந்து இறங்கி வந்துவிட்டார். டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மட்கார்டைப் பார்த்தார். "சேகர், பொத்தோங் சாஜா லா," என்றார். வெட்டித் தள்ளு என்று அர்த்தம். பாலாவும் அதையேதான் சொன்னான். மார்க்கரை எடுத்து மட்கார்டில் வளைவாக ஒரு கோடு போட்டான். கிரைண்டரின் வயரை இழுத்து வந்து சொருகினான். கண்ணாடி மாட்டிக்கொண்டான்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் செய்த தகரம் அது. இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது. டீச்சருக்கும் தெரியும். "வெட்டுங்க," என்றார். "தகரம் போனா போகுது."

தம்பிகளே, அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். முதலாளி சொல்லிவிட்டார். வாடிக்கையாளர் சம்மதித்துவிட்டார். கருவி கையில் தயாராக இருக்கிறது. வெட்டினால் உரசல் நின்றுவிடும், என் தப்பும் வெட்டிய தகரத்தோடு குப்பைக்குப் போய்விடும். யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. எனக்கும் அந்த டயரைக் கண் முன்னாலிருந்து அகற்றிவிட்டால் போதும் என்றுதான் இருந்தது.

"சொல்லுங்க அண்ணே," என்றான் பாலா.

"இரு, அந்தப் பக்கம் ஹோஸ் கிடக்குது. எடுத்துட்டு வரேன்," என்று காரைச் சுற்றிப் போனேன். உண்மையில் கொஞ்சம் மூச்சு விடத்தான் போனேன். ஹோஸை எடுக்கக் குனிந்தபோது வலது பின் சக்கரம் முகத்துக்கு நேராக இருந்தது. அந்தச் சக்கரத்தை நான் அதுவரை பார்க்கவே இல்லை. அது உரசவில்லை, அதனால் பார்க்கவில்லை. சும்மா கையை நீட்டி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டேன். இரண்டு விரல் சேர்ந்து தாராளமாக நுழைந்தது.

எழுந்து இந்தப் பக்கம் வந்து இடது சக்கரத்தில் விட்டேன். ஒரு விரல்கூட முழுதாகப் போகவில்லை.

"பாலா, நிறுத்து."

"என்ன அண்ணே?"

"கிரைண்டரைக் கீழ வை. அச்சு நகர்ந்திருக்குது."

ஒரு நூலில் நட்டைக் கட்டி இரண்டு மட்கார்டிலிருந்தும் தொங்கவிட்டு அளந்தேன், கார் தரையில் நிற்கும்போதே. இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற அச்சு முழுசாக ஒன்பது மில்லிமீட்டர் இடது பக்கம் தள்ளி நின்றது. லிஃப்டில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு மறுபடி அளந்தேன். அச்சு நல்ல பிள்ளைபோல நடுவுக்கு வந்துவிட்டது! மூன்று வாரத்துக்கு முன்னால் நான் ஏமாந்தது அங்கேதான்.

இந்த மாதிரிக் கார்களில் பின் அச்சு பக்கவாட்டில் ஆடாமல் இருக்க ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். ஒரு முனை வலது பக்கம் பாடியில், மறுமுனை இடது பக்கம் அச்சில். நான் அதை விளக்க வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, என் மேஜையிலிருந்த தாளைத் திருப்பி ஒரு முக்கோணம் வரைந்தார்.

"கார் உசரமா இருந்தப்ப இந்தக் கம்பி சாய்வா இருந்திருக்குது. நான் காரை இறக்கினதும் கம்பி படுத்துடுச்சு. சாய்வான கம்பி படுத்தா பக்கவாட்டுல நீளம் கூடும். ஒரு முனை பாடியில, அது நகராது. அப்ப அச்சைத்தான் தள்ளும். இல்லயா அண்ணே?"

தவுக்கே அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாலா கண்ணாடியைக் கழற்றினான்.

நான் அப்போதே சொல்லிவிட்டேன். "டீச்சர், முதல் நாளே நீங்க சரியாக் கேட்டீங்க. எனக்குப் பதில் தெரியல. தெரியாம ஒண்ணு சொன்னேன். இந்த டயரு அதனாலதான் இப்படி ஆச்சு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "கிளாஸ்ல நானும் அப்படிச் சொல்லியிருக்கேன்," என்றார். "மறுநாள் போய்ப் பிள்ளைங்ககிட்ட திருத்திச் சொல்லுவேன். நீங்களும் திருத்துங்க."

"ஞாயித்துக்கெழம போலே கா?" என்று தவுக்கே கேட்டார், முடியுமா என்று.

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க பாஸ். முடியலைன்னா நானே வெட்டுறேன்."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டுவது தப்பு என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது. ஆனால் கம்பியை மாற்றிப் பார்த்துச் சரிவரவில்லை என்றால் பழைய கம்பியை மாட்டிக்கொள்ளலாம். தகரத்தை வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. இரண்டு வழி இருந்தால், திரும்பி வர முடிகிற வழியில் முதலில் போங்கள்.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற கம்பி அந்தக் காருக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பழைய கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஷா ஆலமுக்குப் போனேன். அங்கே லேத் வேலை செய்கிற ஒரு மலாய்க்காரர், என் வயதுதான் இருக்கும். அவரிடம் கம்பியைக் கொடுத்து, நடுவில் ஒன்பது மில்லிமீட்டர் வெட்டி எடுத்துவிட்டு வெல்டிங் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். அரை மணி நேர வேலை.

அவர் கம்பியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இனி ஞாவா ஓராங்," என்றார். இது மனுஷ உயிர் என்று அர்த்தம். வெல்டிங் நெடுஞ்சாலையில் விட்டுப்போனால் அச்சு எங்கே போகும் என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வேகமாக முடிக்கும் ஆசையில் இரண்டாவது தப்பைச் செய்ய இருந்தேன்.

கெட்டியான குழாயில் புதிதாகவே கடைந்து தருகிறேன், ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்வந்துதான் முடிப்பேன் என்றார். காத்திருந்தேன். திரும்பி வந்தவர் ஒரு முனையில் வலது மரையும் மறுமுனையில் இடது மரையும் போட்டார். அப்படிப் போட்டால் காரில் மாட்டியபடியே குழாயைத் திருகி நீளத்தை மாற்றலாம். நான் கேட்காததை அவராகவே செய்து கொடுத்தார். சாயங்காலம் கம்பியைக் கையில் வாங்கியபோது எடையிலேயே நம்பிக்கை வந்தது.

சனிக்கிழமை காலை. மடக்கிய விளிம்பின் கூர்மையை பாலா வழவழப்பாகத் தேய்த்து வைத்திருந்தான். இரண்டு புது டயர் மாட்டினோம். காரை நான்கு காலில் நிறுத்தி, கம்பியைப் பொருத்தி, மெல்லத் திருகினேன். ஒவ்வொரு திருகலுக்கும் காரை முன்னும் பின்னும் தள்ளி, நூலைப் பார்த்தோம். அச்சு வலது பக்கம் ஊர்ந்து வந்தது. கடைசியில் இடதும் வலதும் ஒரே அளவு. பாலா இரண்டு பக்கமும் ஓடி ஓடி விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். இந்தத் தடவை ஆள் ஏத்திப் பார்க்கணும். நீங்க ஓட்டுங்க. நாங்கதான் உங்க பெரியவங்க."

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து களிமண் மாதிரியான பிளாஸ்டிசின் கொண்டு வந்திருந்தார். மட்கார்டின் உள்ளே இரண்டு பக்கமும் அதை ஒட்டினோம். டயர் தொட்டால் அதில் தடம் விழும். தவுக்கே முன்னால் ஏறினார். நானும் பாலாவும் பின்னால். பாலா உட்கார்ந்ததும் கார் ஒரு பெருமூச்சு விட்டது.

"நான் ஒருத்தனே ரெண்டு தாத்தா வெயிட்டு அண்ணே," என்றான்.

பின்னால் இருந்த குடியிருப்புத் தாமானில் வரிசையாக வேகத்தடைகள். முதல் மேட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவது மேட்டில் கொஞ்சம் வேகமாக ஏறினோம். சர்ர்.

டீச்சர் காரை ஓரங்கட்டினார். கண்ணாடியில் டீச்சரின் முகம் தெரிந்தது. தவுக்கே மணியைப் பார்த்தார்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் பிளாஸ்டிசின் நசுங்கியிருந்தது. இந்த முறை மறக்காமல் வலது பக்கமும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் நசுங்கியிருந்தது, அச்சு அசலாக அதே அளவு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்தேன்.

"அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றான் பாலா.

"ரெண்டு பக்கமும் தொட்டிருக்குது பாலா! ஒரே மாதிரி தொட்டிருக்குது! அச்சு நடுவுல நிக்குது. இனிமே பிரச்சினை உசரம் மட்டும்தான்."

சக்கரம் எல்லை மீறி மேலே ஏறாமல் தடுக்க ஒரு ரப்பர் கட்டை இருக்கும். காரை இறக்கியபோது அதைப் பாதியாக அறுத்திருந்தார்கள். முழுக் கட்டை போட வேண்டும், ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு ரப்பர் திண்டும் வைக்க வேண்டும். கார் ஒரு விரல் உயரும். அதை டீச்சரிடம் சொன்னபோதுதான் முதல் முறையாக அவர் முகம் வாடியது.

"இந்த உசரத்துக்காகத்தான் நாலு வருஷம் பாடுபட்டேன் அண்ணே."

"திங்கக்கிழமை வாங்க. வேணாம்னா பத்து நிமிஷத்துல திண்டைக் கழட்டிடுறேன். நாளைக்கு மட்டும் என் பேச்சைக் கேளுங்க."

அவர் சம்மதித்தார். கட்டையும் திண்டும் போட்டு, புது பிளாஸ்டிசின் ஒட்டி, அதே தாமானுக்குப் போனோம். அதே இரண்டாவது மேடு. கார் ஏறியது, இறங்கியது. காற்றுச் சத்தம் மட்டும். மூன்றாவது மேடு, நான்காவது. தவுக்கே முன்னால் இருந்து கையைச் சுழற்றினார். "லாகி! லாகி!" இன்னொரு தடவையாம். பன்னிரண்டு மேட்டையும் மூன்று முறை ஏறி இறங்கினோம். கடைசிச் சுற்றில் டீச்சர் வளைவில் வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினார். பாலா என் மேல் சாய்ந்தான், எனக்கு விலா வலித்தது. சத்தம் இல்லை. இறங்கிப் பார்த்தால், பிளாஸ்டிசினில் டீச்சர் ஒட்டும்போது பதிந்த விரல் ரேகை அப்படியே இருந்தது.

மட்கார்டில் பாலா போட்ட மார்க்கர் கோட்டை அவனே துணியால் துடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் போக வேண்டியதில்லை. ஆனாலும் போனேன். தவுக்கேயும் வந்தார், அவருடைய இரண்டு சீட் பிக்கப்பில்தான் பின்னால் போனோம். டீச்சருக்குக் கிடைத்தது இரண்டு ஆன்டிகளும் ஒரு அங்கிளும். அங்கிள் முன்னாள் லோரி ஓட்டுநர், பாலாவுக்குச் சரிசமமான உடம்பு. முன் சீட்டில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை, இடது பின் கதவைத் திறந்து ஜம்மென்று ஏறிவிட்டார். கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க என் கண் அந்த இடது சக்கரத்தை விட்டு நகரவில்லை. தவுக்கே ஏதேதோ பேசினார், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பிரிக்பீல்ட்ஸில் டீச்சர் இறங்கி, தூரத்திலிருந்தே எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும் நேரத்தில் வேறு ஒரு காரின் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அதில் வந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு மற்ற கார்களில் இடம் கிடைத்தது. கைத்தடியோடு ஒரு மெலிந்த ஆன்டி மட்டும் நின்றார். டீச்சரின் பின்சீட்டில் ஒரு இடம் இருந்தது, பெல்ட்டும் இருந்தது. ஆனால் நாங்கள் சோதித்துப் பார்த்தது நான்கு பேரோடு. இது ஐந்தாவது ஆள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணே, ஏத்தலாமா?"

அவசரப்பட்டுத் தலையாட்ட எனக்கு இப்போது தைரியம் இல்லை. வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு இரண்டு மட்கார்டுக்குள்ளும் விரலை ஓட்டினேன். கிள்ளானிலிருந்து வந்த தூசு உள்விளிம்பில் மெல்லிய படலமாக, கலையாமல் இருந்தது. இரண்டு பக்கமும். பிறகு அங்கிளை முன் சீட்டுக்கு மாறச் சொன்னேன்.

"நான் என்னா மூட்டையா, தூக்கித் தூக்கி வைக்கிறதுக்கு?" என்றார்.

"லோரி ஓட்டினவருக்கு லோடு எங்க வைக்கணும்னு தெரியாதா அங்கிள்?"

அவர் முறைத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார். பின்னால் மூன்று ஆன்டிகளும் ஏறினார்கள். எல்லாரும் ஏறிய பிறகு கடைசியாக ஒருமுறை இரண்டு பக்கமும் விரலை விட்டுப் பார்த்தேன். இடம் இருந்தது. "போங்க டீச்சர்," என்றேன்.

கார் நிறுத்துமிடத்தின் வாசலில் ஒரு பெரிய வேகத்தடை. தாமானில் இருந்தவற்றைவிடவும் உயரம். பச்சைக் கார் அதை நோக்கிப் போனது. முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் தீட்டிக்கொண்டேன். ஐந்து பேர், ஐம்பது வருடக் கார், என் கை பட்ட வேலை.

திறந்த ஜன்னல் வழியாக ஆன்டிகள் மூன்று பேரும் ஒரே குரலில் அங்கிளைக் கிண்டல் செய்து சிரிக்கும் சத்தம் வந்தது. வேறு எந்தச் சத்தமும் வரவில்லை.